அறிவுச் சொத்து: தடையும் கடனும் – கடையத்திலிருந்து பொதிகை வரை

சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்லூரிப் பாடத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதில் என் கட்டுரை ஒன்று இருந்தது. தலைப்பு மாறியிருந்தது, முதல் பத்தி வெட்டப்பட்டிருந்தது, மற்றபடி நான்கு பக்கமும் வரிக்கு வரி நான் எழுதியதுதான். என் பெயர் மட்டும் இல்லை. நல்ல கோபத்தோடு பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் போய் முறையிட்டேன். அவர் மிஷினைவிட்டுக் கண்ணெடுக்காமலே கேட்டார்: "அந்தக் கட்டுரையில ஃபூக்கோ ஃபூக்கோன்னு ஒருத்தரப் பத்தி எழுதியிருந்தீரே, அவரு புஸ்தகத்த எங்கடையிலதான ஜெராக்ஸ் போட்டீரு? முந்நூறு பக்கம். அவருக்கு எம்புட்டுவே குடுத்தீரு?"

எனக்குப் பதில் இல்லை. தமிழில் கோட்பாடு பேசத் தொடங்கிய தலைமுறை நகலெடுத்துப் படித்த தலைமுறை. அவர்கள் ஜெராக்ஸில் படித்தார்கள், நாங்கள் பிடிஎஃப்பில் படிக்கிறோம். ஆசிரியன் என்பவன் ஒரு தனிமனிதன் அல்ல, பிரதிகளை ஒழுங்குபடுத்துவதற்காக ஒரு சமூகம் வைத்துக்கொண்டிருக்கும் செயற்பாடு என்று ஃபூக்கோ 1969-இல் பேசியதை, அவருக்கோ அவருடைய பதிப்பகத்துக்கோ ஒரு பைசா கொடுக்காமல் படித்துவிட்டு, நம் பெயர் விடுபட்டால் மட்டும் கொதிக்கிறோம். இது வெறும் இரட்டை வேடம்தானா? நிதானமாக யோசித்தபோது முழுக்க அப்படி இல்லை என்று பட்டது. பாடத் தொகுப்பில் என் பெயரைப் போட்டுவிட்டுப் பணம் தராமல் இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. சிறுபத்திரிகைக்காரனுக்குப் பணம் வந்தால்தான் ஆச்சரியம். அதை யாரும் அச்சிடக் கூடாது என்று தடுக்கும் ஆசையும் எனக்கு இல்லை. எனக்கு ஒரு கடன் பட்டிருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் கோபம்.

ஒருவருக்குப் பட்ட கடன் வேறு, ஒருவர் மற்றவரைத் தடுக்கும் அதிகாரம் வேறு. அறிவுச் சொத்துரிமை பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். தத்துவவாதிகள் நியாயம் கற்பித்தது பெரும்பாலும் முதலாவதற்கு. சட்டம் கொடுப்பது இரண்டாவதை. முதலாவதைக் கடை வாசலில் காட்சிக்கு வைத்துவிட்டு உள்ளே இரண்டாவதை விற்கிறார்கள். இதைத் திருநெல்வேலிச் சீமையின் இரண்டு கதைகளை வைத்துப் பார்க்கலாம். ஒன்று கடையத்தில் பெண்ணெடுத்த கவிஞனின் பாட்டு. மற்றது தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில் முளைக்கும் ஒரு சிறு செடி.

அதற்கு முன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். எழுத்து, இசை, படம் ஆகியவற்றுக்கானது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்கானது காப்புரிமை. சரக்கின் பெயருக்கு வணிகக் குறி, ஊரின் பெயரோடு சேர்ந்த சரக்குக்குப் புவிசார் குறியீடு. இவற்றின் வரலாறு வேறு வேறு, கால அளவும் வேறு வேறு. எல்லாவற்றையும் 'அறிவுச் சொத்து' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதே ஓர் அரசியல் வேலைதான். 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் அந்தச் சாக்கின் வாயைத் தைத்துக் கொடுத்தது.

*

முதலில் ஜான் லாக். 1689-இல் அச்சான 'அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைக'ளில் சொத்துக்கு அவர் சொல்லும் நியாயம் நம்மூர் விவசாயிக்கும் சட்டென்று புரியும். நிலம் ஆதியில் எல்லோருக்கும் பொது. ஆனால் என் உடம்பு என்னுடையது, ஆகவே என் உழைப்பு என்னுடையது. அந்த உழைப்பை நான் பொதுவில் கிடந்த ஒன்றோடு கலந்துவிட்டால் அது எனதாகிறது. ஒரு நிபந்தனை: பிறருக்கும் அதே அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். எழுத்தாளனின் உரிமையைப் பேசுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நான் ராத்திரி பகலாக உழைத்து எழுதினேன், ஆகவே எனது. நான் எழுதியதால் உங்களுக்கு மொழி குறைந்துபோகவில்லையே, ஆகவே நிபந்தனையும் நிறைவேறிற்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதோடு கலந்தேன்? தமிழோடு. இரண்டாயிரம் வருஷமாக யார் யாரோ உழைத்துப் பண்படுத்திய ஒன்றோடு. ராபர்ட் நோசிக் 1974-இல் ஒரு குறும்பான கேள்வி கேட்டார்: ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனதாகிவிடுமா, அல்லது சாறு போச்சா? நம் பாஷையில் சொன்னால், குறுக்குத்துறையில் நின்று ஒரு சொம்புப் பாலை ஆற்றில் ஊற்றிவிட்டுத் தாமிரபரணி எனக்குத்தான் என்பது போல. உழைப்பு எனக்கு ஏதோ ஒன்றை உரியதாக்குகிறது என்பது சரி. எதை, எவ்வளவு என்பதற்கு லாக்கிடம் பதில் இல்லை. அவரே இதை அறியாதவரல்ல. லண்டன் அச்சக வணிகர்கள் செவ்வியல் நூல்களின் மேல் முடிவற்ற ஏகபோகம் வைத்திருந்ததை 1690-களில் அவர் எதிர்த்து எழுதினார். லாக்கின் பெயரைச் சொல்லி ஏகபோகம் கேட்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

லாக்கிடம் இன்னொரு சங்கதி உண்டு. அவர் கரோலினா காலனியின் உடைமையாளர்களுக்குச் செயலராக வேலைபார்த்தவர். அமெரிக்க மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகள் அந்த நிலத்தில் 'உழைக்கவில்லை', வேட்டையாடினார்கள், பொறுக்கித் தின்றார்கள். ஆகவே அது இன்னும் பொது என்பது அவருடைய வாதத்தின் உள்ளே இருக்கிற கணக்கு. எது உழைப்பு என்று தீர்மானிக்கிறவன் எவனோ அவன்தான் சொத்தையும் தீர்மானிக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகும்போது தேவைப்படும்.

இரண்டாவது ஜெர்மன்காரர்கள். கான்ட் 1785-இல் கள்ளப் பதிப்பு பற்றி எழுதிய சின்னக் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகம் ஒரு பொருள் மட்டும் அல்ல, அது ஒரு பேச்சு என்கிறார். ஆசிரியன் பதிப்பாளன் வாயிலாக வாசகனோடு பேசுகிறான். கள்ளப் பதிப்பாளன் செய்யும் தப்பு திருட்டு அல்ல. ஒருவன் பேசச் சொல்லாமலே அவன் பெயரில் பேசுவது. இதில் வேடிக்கை என்னவென்றால், மொழிபெயர்ப்பையும் மாற்றி எழுதுவதையும் கான்ட் குற்றமாகக் கருதவில்லை, அது வேறொருவரின் பேச்சாகிவிடுகிறது என்கிறார். ஹெகல் இதையே வேறு பக்கம் கொண்டுபோனார். மனத்துள் இருப்பது வெளிப்பட்டவுடன் பொருளாகிறது, பொருளானதை விற்கலாம். விற்க முடியாதது ஆளுமை மட்டும். எழுத்தாளனின் பெயரையும் பிரதியின் மானத்தையும் காக்கும் உரிமை, விற்றபிறகும் அவனிடமே தங்கும் உரிமை, இந்த மரபுக்கு நெருக்கமானது. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. என் பெயர் விடுபட்டதற்கான கோபம் கான்ட் வழிக் கோபம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "யாரு வழியோ, டீ சொல்லட்டா?" என்றார்.

மூன்றாவது பயன்வாதம். படைக்கிறவனுக்குக் கொஞ்ச காலம் ஏகபோகம் கொடுத்தால்தான் அவன் படைப்பான், பிறகு அது எல்லோருக்கும் வரும் என்ற பேரம். 1710-இல் இங்கிலாந்தில் வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் தன்னைக் கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்றுதான் சொல்லிக்கொண்டது. புது நூலுக்கு 14 வருஷம், ஆசிரியன் உயிரோடிருந்தால் இன்னொரு 14. இன்று இந்தியாவில் ஆசிரியன் இறந்தபின் 60 ஆண்டு. 50 ஆக இருந்தது. 1941-இல் இறந்த தாகூரின் எழுத்துகள் விஸ்வபாரதியின் கையைவிட்டுப் போகும் நேரத்தில், 1992 திருத்தத்தில் 60 ஆனது. செத்துப்போன கவியை எந்த ஊக்கத்தொகையும் எழுந்து உட்கார்ந்து எழுதவைக்காது. பயன்வாதம் தன் கணக்கைத் தானே நம்பியிருந்தால் இப்படி நீட்டியிருக்க முடியாது.

மூன்று வாதங்களுக்கும் அடியில் ஓர் ஆள் நிற்கிறான். தனியாக, ஒரு பெயரோடு, ஒரு தேதியில், புதிதாக ஒன்றைச் செய்தவன். அவன் இருக்கும் இடத்திலேயே இந்த வாதங்கள் எப்படித் தடுமாறின என்பதற்குத்தான் பாரதி.

*

1920-இல், கடையத்தில் மாமனார் ஊரில் இருந்தபோது, பாரதி தன் எழுத்துகளையெல்லாம் நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதியாகப் போடத் திட்டம் தீட்டிக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். தன் புத்தகங்கள் தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போலச் சர்வசாதாரணமாக வீட்டுக்கு வீடு போய்ச்சேர வேண்டும் என்பது அவர் கனவு. பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் இறந்துபோனார். கவனியுங்கள், எழுத்தால் பிழைக்க நினைத்த மனிதர். சந்தையை வெறுத்த துறவி அல்ல. பாரதியை ஆரம்பத்திலிருந்தே 'மக்கள் சொத்'தாகப் பேசுகிறவர்கள் இந்தச் சுற்றறிக்கையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

விதவையான செல்லம்மாள் 1922-இல் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் சில நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். தாக்குப்பிடிக்கவில்லை. பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய பாரதி பிரசுராலயம் வெளியீட்டை ஏற்றது, பின்னர் உரிமையும் அங்கே போயிற்று. 1928-இல் பர்மா அரசாங்கத்தைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் பாடல் நூல்களைத் தடைசெய்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் பாரதியைக் கட்டிக் காத்தது பிரசுராலயம்தான். லாக்கின் தராசில் வைத்தால் விசுவநாதனின் உழைப்பு கனமான உழைப்பு.

பாட்டை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியாகக் கழன்று ஓர் இசைத்தட்டு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. அவருடைய 'நாம் இருவர்' 1947-இல் வெளிவந்தது, டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பட்டிதொட்டியெல்லாம் கேட்டார். மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை தன்னிடம் இருக்கிறது என்று மெய்யப்பன் சட்டத்தைக் காட்டினார். அவர் சொன்னதில் சட்டப்படி தவறு ஏதும் இல்லை. விலைகொடுத்து வாங்கியது அது. அதுதான் பிரச்சினை. வெள்ளைக்காரன் பாடக் கூடாது என்றான், அது தேசத் துரோகத் தடை. சுதந்திரம் வந்தபின் வேறொருவர் பாடக் கூடாது என்கிறார், இது சொத்துத் தடை. பாடுகிறவன் தொண்டையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் சிக்கும்.

டி.கே. சண்முகம், வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றவர்கள் முன்னின்று பாரதி விடுதலைக் கழகம் உருவானது. எழுத்தாளர்கள் திருநெல்வேலிக்கு வந்து செல்லம்மாளைப் பார்த்து ஒப்புதல் வாங்கிப்போனார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரி. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையைப் பெற்றுக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாள், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோருக்கு ஆளுக்கு 5,000. பிறகு 1950-களின் நடுவில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று அரசு திறந்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மூன்று பெண்களுக்குச் சேர்த்துக் கொடுத்ததும் ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்ததும் ஒரே தொகை. பதிப்பாளருக்குக் கொடுத்தது உரிமைக்கான விலை. பெண்களிடம் 1949-இல் சட்டப்படி விற்க எதுவுமே இல்லை. உரிமை எப்போதோ கைமாறிப் போய்விட்டது. ஆகவே அவர்களுக்குக் கொடுத்தது விலை அல்ல. அப்புறம் அது என்ன? கடன் தீர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். சொத்து இல்லாதவர்களுக்கும் கடன் பட்டிருக்க முடியும் என்பதை அரசாங்கம், ஒருவேளை தானே அறியாமல், ஒப்புக்கொண்ட இடம் இது. இன்னொன்று: அரசாங்கம் உண்மையில் வாங்கியது பாட்டை அல்ல, தடுக்கும் அதிகாரத்தை. வாங்கிச் சில ஆண்டுகள் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டுவிட்டது. 'நாட்டுடைமை' என்கிற சொல் இந்த வகையில் ஏமாற்றுகிற சொல். உடைமை என்பது அதில் கொஞ்ச காலம்தான் இருந்தது.

அதன்பின் தமிழக அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை இப்படி ஆக்கியிருக்கிறது. நம் புதுமைப்பித்தனுடையது 2002-இல். சில வாரிசுகள் வேண்டாம் என்று மறுத்ததும் உண்டு, அது அவர்கள் பாடு. ஆனால் திறந்துவிட்டதோடு எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. பிழை மலிந்த மலிவுப் பதிப்புகளில் பாரதி பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சேற்றிலிருந்து மூலபாடத்தை மீட்டுக் காலவரிசைப்படுத்த சீனி. விசுவநாதன் போன்றவர்கள் வாழ்நாளையே செலவழித்தார்கள். அவர்கள் சரிசெய்த பாடத்தை மறுநாளே ஒருவர் பெயர் சொல்லாமல் எடுத்து அச்சடிக்கிறார். தடை போய்விட்டது, நல்லது. கடனும் சேர்ந்தே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இங்கேதான் இடறுகிறோம்.

*

'அதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு, நம் மரபில் அறிவு எல்லோருக்கும் பொது' என்று ஒரு குரல் மேடைகளில் கேட்கும். பாதி உண்மை. தமிழில் பாட்டுடைத் தலைவன் என்றால் பாடினவன் அல்ல, பாடப்பட்டவன். பாட்டின் உடைமை போய்ச்சேர்ந்த இடம் அது. பாடியவனுக்குப் பரிசில். அதாவது கடன் தீர்த்தல். தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, தொகுப்பதையும் விரிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் கௌரவமான நூல் வகைகளாகவே சொல்கிறது. எல்லாவற்றையும்விட விசித்திரம் அகத்தியர். பொதிகையில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்த முனிவரின் பெயரில் எத்தனை மருத்துவ நூல்கள்! மொழியைப் பார்த்தாலே பிற்காலத்தது என்று தெரிகிறது. எழுதியவர்கள் பலர், பல நூற்றாண்டுக்காரர்கள். இன்றைய திருடன் பிறர் எழுத்தில் தன் பெயரைப் போடுகிறான். அவர்கள் தம் எழுத்தில் பிறர் பெயரைப் போட்டார்கள். ஃபூக்கோ சொன்ன ஆசிரியச் செயற்பாட்டுக்கு இதைவிடத் துலக்கமான உதாரணத்தை அவரே பார்த்திருக்க மாட்டார்.

மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனம். அந்தச் 'பொது' யாருக்கு? ஊர்ப்பொதுக் குளம் என்று பெயர் இருக்கும், சேரிக்காரன் இறங்க முடியாது. சுவடி கவிராயர் வீட்டுப் பரணில் இருந்தது, உ.வே. சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிவரை வந்து வீடுவீடாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அவர் கேட்டதால் கொடுத்தார்கள். சித்த மருத்துவ நூல்கள் பரிபாஷையில் பூட்டிவைக்கப்பட்டவை. பதிப்புரிமைச் சட்டம் இல்லாத காலத்தில் சாதி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது, அதுவும் அறுபது வருஷக் கெடு எதுவும் இல்லாமல். ஆகவே பழைய பொதுமைக்குத் திரும்புவோம் என்கிற கூப்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை எந்த உருவத்தில் வந்தாலும் தடைதான்.

*

இனி மலைக்கு. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். மலையின் அந்தப் பக்கம் கேரளத்திலும் அவர்களே. நடுவில் மாநில எல்லை. தமிழில் 'காணி' என்றால் பரம்பரை நில உரிமை. காணியாட்சி என்று கல்வெட்டில் வரும் சொல். அந்தப் பெயரோடு இருக்கிற ஜனங்களுக்குக் காலடி நிலத்துக்குப் பட்டா என்பது பெரும் போராட்டம்.

1987-இல் தாவரவியலாளர்கள் சிலர் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குப் போனார்கள். வழிகாட்டிகளாகக் கூட வந்த காணிகள் நடையில் களைக்காமல் இருப்பதையும், ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே நடப்பதையும் கவனித்தார்கள். முதலில் காணிகள் சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். சாத்தன் களஞ்சா என்று அவர்கள் அழைத்த அந்தச் செடி வெளியே ஆரோக்கியப்பச்சை ஆனது. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்தியப் பார்மசிக்குத் தயாரிப்பு உரிமை கொடுத்தார்கள்: ஏழு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவுசெய்தது. வாங்கிக்கொள்ள 1997-இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகம் முழுக்க இதை மேற்கோள் காட்டினார்கள். பாராட்டுக்குத் தகுதி உண்டு. அந்தக் காலத்தில் மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டில் காப்புரிமை எடுத்தவர்கள் ஒரு பைசா யாருக்கும் கொடுக்கவில்லை. 1997-இல் மஞ்சளையும் 2000-இல் வேம்பையும் வழக்காடித்தான் ரத்துசெய்ய வைத்தார்கள்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு படம். காப்புரிமை மனுக்களில் கண்டுபிடித்தவர்கள் என்று இருப்பது விஞ்ஞானிகளின் பெயர். காயைத் தின்றது இயற்கை. அதைச் சோதனைக்கூடத்தில் பிரித்தது உழைப்பு. லாக்கின் கரோலினா அப்படியே பொதிகைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தச் செடியில் எந்தப் பாகத்தை எப்போது தின்னலாம், எது கொல்லும் என்று தலைமுறை தலைமுறையாகத் தின்று, சிலர் செத்தும்கூடத் தெரிந்துகொண்டது சட்டத்தின் கண்ணுக்கு உழைப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு தேதி இல்லை, ஒரு கையெழுத்து இல்லை.

அடுத்தது இன்னும் கசப்பு. மருந்துக்கு இலை வேண்டும். காணிகள் பறித்தோ பயிரிட்டோ கொடுக்கலாம் என்று ஏற்பாடு. வனத்துறை தடுத்தது. அறிவுக்காக லாபத்தில் பங்கு உண்டு, செடியைத் தொட அனுமதி இல்லை. பங்கு என்ற பெயரில் வந்தது கடனின் ஒரு சிறு தவணை. தடுக்கும் அதிகாரமோ வழக்கம்போல வேறு கையிலேயே இருந்தது. காணிகளுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. மருத்துவம் பார்க்கும் பிலாத்திகளில் சிலர், எங்கள் அறிவை விற்கச் சிலருக்கு யார் உரிமை கொடுத்தது என்று 1995-இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்டது பங்கு அல்ல. சொல்லாமல் இருக்கும் உரிமை. இங்கே என் வாதமே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தடுக்கும் அதிகாரம் கெட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் எதுவும் இல்லாதவனிடம் மிச்சம் இருக்கும் ஒரே அதிகாரம் வாயை மூடிக்கொள்வதுதான் என்றால், அதையும் 'அறிவு பொது' என்று பிடுங்க நமக்கு என்ன யோக்கியதை? ஏவி.எம். பாட்டைத் தடுத்ததையும் பிலாத்தி பச்சிலையை மறைப்பதையும் ஒரே தராசில் போட முடியாது. பாட்டு பாடப்பட்டாயிற்று, மெய்யப்பன் தடுத்தது ஊர் வாயில் ஏற்கெனவே இருந்ததை. பிலாத்தி சொல்லாமல் வைத்திருப்பதோ இன்னும் அவர் வாய்க்குள்ளேயே இருப்பது. ஒரு பேச்சு அவர் பேசாமலே அவர் பெயரில் பேசப்படுவதுதான் தவறு என்ற கான்ட், எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்காக எழுதியது இங்கே எழுத்தில்லாதவனுக்குப் பொருந்துகிறது.

மலையின் இந்தப் பக்கம் இருக்கும் நம் காணிகள் கதையில் எங்கே? அறக்கட்டளையின் பெயரிலேயே 'கேரள' இருக்கிறது. செடி இரண்டு சரிவிலும் முளைக்கிறது, அறிவும் இரண்டு சரிவிலும் இருந்தது. பங்கு மட்டும் மாநில எல்லையில் நின்றுவிட்டது.

கீழே ஆற்றங்கரைக்கு வந்தாலும் இதே பாடம்தான். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறப்போட்டு, நூல் மாதிரி கிழித்து நெய்கிற பெண்களுக்கு அது பெயரைக் காக்கிறது. நாள் கூலியைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தை பேசவில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் கோகோ கோலாவுக்கான ஆலை. அந்தப் பானத்தின் சூத்திரம் உலகப் பிரசித்தமான வணிக ரகசியம், யாரும் கேட்கக் கூடாது. அதில் மிகுதியாக இருக்கிற சரக்கு தண்ணீர், அது எங்கள் ஆற்றுத் தண்ணீர், 2016-இல் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. ரகசியத்துக்கு வேலி, ஆற்றுக்கு மதகு திறப்பு.

*

சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992 உயிரியல் பன்மய உடன்படிக்கையின் வழியில் 2002-இல் இந்தியா ஒரு சட்டம் போட்டு, உயிர்வளத்தையும் அதைப் பற்றிய அறிவையும் பயன்படுத்தும் வணிகர் பங்கு தரவேண்டும் என்றது. நூல்களில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவுக்கு 2023 திருத்தம் அந்தக் கடப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. எவை அப்படிப்பட்ட நூல்கள்? மருந்துகள் பற்றிய 1940 சட்டத்தின் முதல் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. சித்த மருத்துவப் பகுதியில் அகத்தியர் பெயரிலான நூல்கள் வரிசையாக. ஆக, ஒரு பச்சிலையை அகத்தியர் பாடியிருக்கிறார் என்று காட்டிவிட்டால் கம்பெனி யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அகத்தியருக்கு அதை யார் காட்டிக்கொடுத்தது என்று எந்த அட்டவணையும் கேட்காது. பெயரை விட்டுக்கொடுத்த அந்தப் பழைய பெருந்தன்மை, எழுத்துக்கு வெளியே இருந்தவர்களை மறுபடியும் ஒருமுறை அழிக்கப் பயன்படுகிறது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவில், காட்டின் உயிர்வளத்தை அணுகும் உரிமையையும் பாரம்பரிய அறிவின் மேலான சமூக உரிமையையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. செடியும் அறிவும் ஒரே வாக்கியத்தில் வருவது இங்கேதான். கேரளத்தில் எதைப் பிரித்தார்களோ அதை இது பிரிக்கவில்லை. ஆனால் உரிமை தானாக வராது, கிராம சபை கூடிக் கேட்க வேண்டும். சமூக உரிமைக்கான மனுப் படிவத்தில் மீன்பிடி, மேய்ச்சல், சிறு வன மகசூல் எல்லாம் வரிசையாக வந்தபின் உயிர்ப் பன்மயம், அறிவுச் சொத்து, பாரம்பரிய அறிவு என்று அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 'ஏதேனும் இருப்பின்' என்று போட்டு, எழுதுவதற்கு ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.